எல்லைக்கோட்டின் இருபுறமும்: லிசே மைட்னரும் அணுக்கருப் பிளவும்

அணுக்கருப் பிளவைக் கண்டறிந்தவர் யார் என்ற வினாவுக்குப் பாடநூல்கள் பெரும்பாலும் ஓட்டோ ஹான் என்னும் ஜெர்மானிய வேதியியலாளரின் பெயரையே விடையாகத் தருகின்றன. அவருடன் உழைத்த ஃபிரிட்ஸ் ஸ்ட்ராஸ்மனின் பெயர் சில நூல்களில் உடன் வருகிறது. லிசே மைட்னரின் பெயர் வரும்போது, ஹான் கண்டறிந்ததற்குப் பின்னர் விளக்கம் சொன்னவர் என்ற அளவிலேயே அது நின்றுவிடுகிறது. கண்டறிதல் ஒருவருக்கு, விளக்கம் மற்றொருவருக்கு என்னும் இந்தப் பாகப்பிரிவினை அறிவியலின் இயல்பால் நேர்ந்ததன்று. 1938ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ஒரு பெண்மணி உயிருக்கு அஞ்சி நாட்டின் எல்லையைக் கடக்க வேண்டியிருந்ததால் நேர்ந்தது என்பதே இவ்வுரையின் துணிபு. அதை நிறுவுவதற்கு, மைட்னர் எவ்வகை இயற்பியலாளராக உருவானார் என்பதையும், பெர்லினில் முப்பத்தோர் ஆண்டுகள் அவர் வளர்த்தெடுத்த ஆய்வுமுறை எத்தகையது என்பதையும் முதலில் காண வேண்டும்.

மைட்னர் 1878ஆம் ஆண்டு நவம்பரில் வியன்னா நகரில், யூத வழக்கறிஞர் ஒருவரின் எட்டு மக்களுள் மூன்றாமவராகப் பிறந்தார். அக்காலத்து ஆஸ்திரியாவில் பெண்களுக்கான பள்ளிக் கல்வி பதினான்கு வயதோடு முடிந்துவிடும். பல்கலைக்கழகத்தின் கதவு அவர்களுக்குத் திறந்தது 1897இல்தான். பிரெஞ்சு மொழி ஆசிரியராவதற்குப் பயிற்சி பெற்றிருந்த அவர், ஆண் பிள்ளைகள் எட்டாண்டுகள் கற்ற பாடங்களைத் தனிப்பயிற்சியில் இரண்டே ஆண்டுகளில் முடித்து, 1901இல் பல்கலைக்கழக நுழைவுத் தகுதித் தேர்வை எழுதினார். அவ்வாண்டு அத்தேர்வை எழுதிய பதினான்கு பெண்களுள் நால்வரே தேறினர். அந்நால்வருள் அவரும் ஒருவர். வியன்னாவில் அவருக்கு வாய்த்த ஆசான் லுட்விக் போல்ட்ஸ்மன். அணு என்பது உண்மையிலேயே உள்ள பொருளா, கணக்குக்கு வசதியான கற்பனையா என்று அறிஞர்களே வழக்காடிய காலத்தில், அணு உண்டு என்று விடாப்பிடியாக நின்றவர் அவர். இயற்பியல் என்பது இறுதி உண்மையைத் தேடும் போராட்டம் என்ற உணர்வை மைட்னருக்கு ஊட்டியவையும் அவருடைய வகுப்புரைகளே. மைட்னர் 1906இல் முனைவர் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் போல்ட்ஸ்மன் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். ஆசானை இழந்த மாணவியை, ஸ்டெஃபான் மேயர் என்ற இளம் ஆய்வாளர் கதிரியக்கத் துறைக்கு அழைத்துச் சென்றார். கதிரியக்கம் என்பது, நிலைப்பில்லாத அணுக்கள் தாமாகவே துகள்களையோ கதிர்களையோ உமிழ்ந்து வேறு தனிமங்களாக மாறும் நிகழ்வாகும்.

மாக்ஸ் பிளாங்க்கின் வகுப்புகளைக் கேட்பதற்காக 1907இல் ஓரிரு ஆண்டுத் திட்டத்தோடு பெர்லினுக்குச் சென்றவர் முப்பத்தோர் ஆண்டுகள் அங்கேயே தங்கிவிட்டார். அவருக்குச் சில மாதங்களே இளையவரான ஓட்டோ ஹான், ரூதர்ஃபோர்டிடம் பயின்று திரும்பிய வேதியியலாளர். கதிரியக்கப் பொருள்களைப் பிரித்தெடுப்பதில் தேர்ந்தவர். அவற்றின் கதிர்களை அளந்து பொருள் காண ஓர் இயற்பியலாளரின் துணை அவருக்குத் தேவைப்பட்டது. ஆனால் ஹான் பணியாற்றிய வேதியியல் நிலையத்தில் பெண்களுக்கு இடமில்லை. நிலையத் தலைவர் எமில் ஃபிஷர் ஒரு சமரசத்துக்கு இசைந்தார்: கீழ்த்தளத்தில் தச்சுப் பட்டறையாக இருந்த அறையில், வெளிப்புறத் தனி வாசல் வழியே வந்துபோகும் வரையில் மைட்னர் ஆய்வு செய்துகொள்ளலாம், மாணவர்கள் பணியாற்றும் மேல்தளங்களுக்கு அவர் வரக்கூடாது. ஹானின் ஆய்வுக்கூடம் மாடியில் இருக்க, அவருடைய கூட்டாளி அந்த மாடிப்படிகளில் கால்வைக்க முடியாத நிலை. கழிப்பறைக்குக்கூட அவர் தெருவில் நடந்து அருகிலிருந்த உணவகத்துக்குச் செல்ல வேண்டியிருந்தது. பிரஷ்யப் பல்கலைக்கழகங்கள் 1908இல் பெண்களை ஏற்கத் தொடங்கிய பின்னர், 1909இல்தான் இத்தடை நீங்கியது.

அந்தத் தச்சுப் பட்டறையில் இருந்த முதன்மைக் கருவி மின்காட்டி. ஓர் உலோகத் தண்டில் ஒட்டிய மெல்லிய உலோக இலை, மின்னூட்டம் பெற்றதும் தண்டைவிட்டு விலகி நிற்கும். அருகில் கதிரியக்கப் பொருளை வைத்தால், அதன் கதிர்கள் காற்றை மின்கடத்தச் செய்வதால் மின்னூட்டம் கசிந்து, இலை மெல்லத் தாழும். இலை தாழும் வேகமே கதிரியக்கத்தின் அளவு. அளக்கப்படும் பொருளை எடையிட முடியாது. கண்ணால் காணவும் முடியாது. நாள்தோறும், சில சமயம் மணிதோறும் அந்த இலை தாழும் நேரத்தைக் குறித்து, செறிவு பாதியாகக் குறைய எவ்வளவு காலமாகிறது என்னும் அரை ஆயுட்காலத்தைக் கணக்கிட்டே அது இன்ன பொருள் என்று துணிய வேண்டும். ஓர் அணு ஆல்ஃபாத் துகளை உமிழும்போது, குண்டை வெளியேற்றிய துப்பாக்கியைப் போல எஞ்சிய அணு எதிர்த்திசையில் தள்ளப்படுகிறது. இந்தப் பின்னியக்கத்தைக் கொண்டே புதிய கதிரியக்கப் பொருள்களைத் தூய நிலையில் பிரித்தெடுக்கலாம் என்பதை இருவரும் 1909இல் காட்டினர்.

இத்தனை பணிக்கும் அவருக்கு ஊதியம் கிடையாது. தந்தை அனுப்பிய சிறு தொகையில் வாழ்ந்தவருக்கு முதல் ஊதியம் 1912இன் இறுதியில், பிளாங்க்கின் உதவியாளராக அமர்ந்தபோது கிடைத்தது. அவ்வாண்டில் பெர்லினின் புறநகரான டாலெமில் கெய்சர் வில்ஹெல்ம் வேதியியல் நிலையம் திறக்கப்பட, ஹானும் மைட்னரும் அங்கே குடிபுகுந்தனர். முதல் உலகப் போரில் ஆஸ்திரியப் படையின் மருத்துவமனைகளில் எக்ஸ் கதிர்ப் பிரிவில் பணியாற்றித் திரும்பிய மைட்னர், ஹான் போர்ப்பணியில் இருந்த காலத்தில் பெரும்பாலும் தனியாகவே உழைத்து, 91ஆம் தனிமமான புரோட்டாக்டினியத்தின் நீண்ட ஆயுள் கொண்ட வகையைக் கண்டறிந்தார். 1918இல் வெளிவந்த கட்டுரையில் ஹானின் பெயரே முதலில் இருந்தது. பிற்காலத்தில் நிகழ்ந்ததோடு ஒப்புநோக்கும்போது இச்செய்தி கருதத்தக்கது. உடனில்லாத கூட்டாளியின் பெயரை விட்டுவிடுதல் அவர் வழக்கமன்று.

டாலெமில் இயற்பியல் பிரிவின் தலைமையை ஏற்ற மைட்னர் 1926இல் பெர்லின் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். ஜெர்மனியில் இயற்பியல் பேராசிரியரான முதல் பெண் அவரே. அந்த ஆண்டுகளில் அவரை ஆட்கொண்ட சிக்கல் பீட்டாச் சிதைவு. அணுக்கரு ஓர் எலக்ட்ரானை உமிழ்ந்து அடுத்த தனிமமாக மாறுவதே பீட்டாச் சிதைவு. ஒரே வகை அணுக்கருக்கள் ஒரே மாற்றத்துக்கு உள்ளாகும்போது வெளிவரும் எலக்ட்ரான்கள் அனைத்தும் ஒரே ஆற்றலோடு வர வேண்டும் என்று மைட்னர் கருதினார்; அவை பலவாறான ஆற்றல்களோடு வருவது கருவைவிட்டு வெளியேறிய பின்னர் நேரும் இழப்புகளால் என்பது அவர் வாதம். கேம்பிரிட்ஜில் இருந்த சார்ல்ஸ் எல்லிஸ் இதை மறுத்தார்; 1927இல் எல்லிஸும் வூஸ்டரும் சிதைவின் முழு வெப்பத்தையும் அளந்து, இழப்பு ஏதுமில்லை, எலக்ட்ரான்கள் பிறக்கும்போதே வெவ்வேறு ஆற்றலோடு பிறக்கின்றன என்று காட்டினர். மைட்னர் ஆர்த்மன் என்னும் இயற்பியலாளரோடு சேர்ந்து அதே அளவீட்டை இன்னும் நுட்பமாகச் செய்தார். எல்லிஸ் சொன்னதே சரியென்று வந்தது. ஆண்டுக்கணக்கில் தாம் வாதிட்ட கருத்தைத் தம் கருவியாலேயே வீழ்த்தி, அதை வெளியிட்டார். ஆற்றல் அழிவின்மை விதியே பொய்க்கிறதோ என்ற ஐயம் எழுந்த நிலையில், 1930 டிசம்பரில் வொல்ஃப்காங் பௌலி, டூபிங்கனில் கூடியிருந்த கதிரியக்க ஆய்வாளர்களுக்கு எழுதிய புகழ்பெற்ற மடலில், காணாமற்போகும் ஆற்றலை மின்னூட்டமற்ற ஒரு துகள் எடுத்துச்செல்லக்கூடும் என்று முன்மொழிந்தார். இன்று நியூட்ரினோ எனப்படும் அத்துகளுக்கான தேவையை ஐயமற நிறுவிய அளவீடுகளுள் ஒன்று மைட்னருடையது. அவருடைய பணிகளுள் இதுவே அவர் பண்பை நன்கு காட்டுவது.

டாலெம் நிலையத்தின் அன்றாட நடைமுறை ஒன்றையும் இங்கே சுட்டியாக வேண்டும். கதிரியக்கப் பொருளின் ஒரு துகள் விரல்நுனியில் ஒட்டினாலும் போதும். அது கைப்பிடிக்கும் நாற்காலிக்கும் பரவி, நுண்ணிய அளவீடுகள் அனைத்தையும் பாழாக்கிவிடும். அதனால் அங்கே எவரும் எவரோடும் கைகுலுக்குவதில்லை. தொலைபேசியின் பக்கத்திலும் கதவுக் கைப்பிடியின் பக்கத்திலும் கழிப்பறைக் காகிதச் சுருள்கள் தொங்கின. ஒரு தாளைக் கிழித்துக் கைக்கும் பிடிக்கும் இடையே வைத்துக்கொண்ட பின்னரே எதையும் தொடலாம். வேதிப் பிரிப்பு ஓர் அறையில், கதிர்வீச்சுக்கு உட்படுத்துதல் மற்றோர் அறையில், அளவீடு மூன்றாம் அறையில் எனப் பணிகள் பிரிக்கப்பட்டிருந்தன. பிற ஆய்வுக்கூடங்கள் சில ஆண்டுகளிலேயே மாசடைந்து பயனற்றுப்போக, டாலெமின் அறைகள் கால் நூற்றாண்டுக்குப் பின்னரும் மிக மெலிந்த கதிரியக்கத்தை அளக்கத் தகுந்தவையாக இருந்தன. 1938 டிசம்பரில் சில ஆயிரம் அணுக்களே கொண்ட பொருளை ஹானும் ஸ்ட்ராஸ்மனும் இனங்காண முடிந்ததற்கு இத்தூய்மையே அடிப்படை.

1932இல் நியூட்ரான் கண்டறியப்பட்டது. மின்னூட்டம் இல்லாத இத்துகளை அணுக்கரு விலக்குவதில்லை. எளிதாக உள்ளே நுழையும். ரோமில் என்ரிகோ ஃபெர்மி 1934இல் தனிமங்களை ஒவ்வொன்றாக நியூட்ரானால் தாக்கிப் பார்த்தபோது, கனமான தனிமங்கள் பெரும்பாலும் நியூட்ரானை ஏற்று, பின் பீட்டாத் துகளை உமிழ்ந்து, அட்டவணையில் ஓரிடம் மேலே சென்றன. அறியப்பட்ட தனிமங்களுள் கடைசியான 92ஆம் யுரேனியத்தைத் தாக்கினால் 93ஆம் தனிமம் பிறக்க வேண்டுமே என்பது எதிர்பார்ப்பு. இதில் ஈர்க்கப்பட்ட மைட்னர், பல ஆண்டுகளாகத் தனித்தனியே ஆய்ந்துவந்த ஹானை வற்புறுத்தி மீண்டும் கூட்டாய்வுக்கு அழைத்தார். விரைவில் ஸ்ட்ராஸ்மன் என்னும் பகுப்பாய்வு வேதியியலாளரும் சேர்ந்தார். யுரேனிய ஆய்வைத் தொடங்கிவைத்தவர் மைட்னர் என்ற இச்செய்தியைப் பின்னாளைய வரலாறுகள் பல மறந்துவிட்டன.

நான்கு ஆண்டுகள் மூவரும் தவறான வழியில் சென்றார்கள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. யுரேனியத்தைக் கடந்த புதிய தனிமங்கள் என்று அவர்கள் வரிசைப்படுத்தியவை உண்மையில் யுரேனியம் உடைந்த துண்டுகள். கரு சிறுசிறு படிகளிலேயே மாறும் என்ற இயற்பியலாளர் நம்பிக்கையும், யுரேனியத்தைக் கடந்த தனிமங்கள் ரீனியம், ஆஸ்மியம் போன்ற உலோகங்களை ஒத்திருக்கும் என்ற வேதியியலாளர் நம்பிக்கையும் ஒன்றையொன்று தாங்கி நின்றன. கரு பெருந்துண்டுகளாக உடைந்திருக்கலாமே என்று ஈடா நோடாக் 1934இலேயே எழுதியதை ஃபெர்மியும் பொருட்படுத்தவில்லை, பெர்லின் குழுவும் பொருட்படுத்தவில்லை. மைட்னரின் பொறுப்பும் இதில் உண்டு.

1933இல் நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் மைட்னரின் பல்கலைக்கழகப் பதவி பறிக்கப்பட்டது. ஆஸ்திரியக் குடிமகள் என்பதால் டாலெம் பணியில் மட்டும் நீடித்தார். 1938 மார்ச்சில் ஜெர்மனி ஆஸ்திரியாவை விழுங்கியதும் அந்தக் காப்பும் போயிற்று, கடவுச்சீட்டு செல்லாததாயிற்று, பெயர்பெற்ற யூதர்கள் வெளிநாடு செல்வது விரும்பத்தக்கதன்று என்று உள்துறையிலிருந்து விடை வந்தது. டச்சு இயற்பியலாளர் டிர்க் கோஸ்டர் பெர்லினுக்கே வந்து, ஜூலை 13ஆம் நாள் அவரைத் தொடர்வண்டியில் எல்லைதாண்டி அழைத்துச் சென்றார். ஐம்பத்தொன்பது வயதில், இரண்டு சிறு பெட்டிகளும் பத்து மார்க் பணமுமே கையில். எல்லைக் காவலரின் கையில் திணிக்க நேர்ந்தால் பயன்படட்டும் என்று, தம் தாயாரிடமிருந்து வந்த வைர மோதிரத்தை ஹான் அவரிடம் கொடுத்திருந்தார். ஹானின் பிற்கால நடத்தையை எடைபோடும் எவரும் அம்மோதிரத்தையும் நினைவில் கொள்ள வேண்டும்.

ஸ்டாக்ஹோமில் மானே சீக்பானின் நிலையத்தில் அவருக்கு இடம் கிடைத்தது. கருவிகளோ உதவியாளரோ கிடைக்கவில்லை. ஆயினும் பெர்லின் குழுவின் உறுப்பினராக அவர் மடல் வழியே தொடர்ந்தார். அவ்வாண்டு இலையுதிர்காலத்தில், யுரேனியத்திலிருந்து 88ஆம் தனிமமான ரேடியம் பிறப்பதாக ஹானும் ஸ்ட்ராஸ்மனும் கருதினர். நவம்பரில் கோபன்ஹேகனில் ஹானை மறைவாகச் சந்தித்த மைட்னர், மெதுவான நியூட்ரான் ஒன்று கருவிலிருந்து இரண்டு ஆல்ஃபாத் துகள்களைப் பெயர்த்தெடுக்க முடியாது என்று எடுத்துக்காட்டி, ரேடியம் என்ற முடிவை மிகக் கடுமையாகச் சோதிக்குமாறு வற்புறுத்தினார். அச்சோதனையே பிளவைக் காட்டிய சோதனை. ஆனால் தப்பியோடிய யூதப் பெண்ணை ஆலோசகராகக் கொண்டிருப்பது ஹானின் பதவிக்கே ஆபத்தாகியிருக்கும் என்பதால், அச்சந்திப்பு எந்தக் கட்டுரையிலும் பதிவாகவில்லை.

சோதனையின் முறை இது: சில ஆயிரம் ரேடிய அணுக்களைத் தனியே வீழ்படிவாக்க இயலாது என்பதால், வேதிப்பண்பில் அதை ஒத்த பேரியத்தின் உப்பைக் கரைசலில் சேர்ப்பர், பேரியம் படியும்போது ரேடியமும் உடன் படியும், பின்னர் படிகங்களைப் படிப்படியாகப் பிரித்து ரேடியத்தைப் பேரியத்திலிருந்து விலக்குவர். உண்மையான ரேடியம் வழக்கம்போல் பிரிந்தது. யுரேனியத்திலிருந்து வந்த பொருளோ எத்தனை முறை முயன்றும் பேரியத்தைவிட்டு அகலவில்லை. அது பேரியமே என்பதுதான் பொருள். பேரியத்தின் எண் 56. யுரேனியத்தின் எண் 92. டிசம்பர் 19ஆம் நாள் இரவில், தம் நிலையத்து இயற்பியலாளர் எவருக்கும் சொல்லாமல், ஹான் முதன்முதலில் மைட்னருக்கு எழுதினார். விளக்கம் ஏதேனும் தோன்றுமா என்று கேட்டார். நம்புவதற்கு அரிது, எனினும் முடியாதென்று ஒதுக்கிவிட இயலாது என்ற கருத்தோடு மைட்னரின் மறுமொழி உடனே சென்றது.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்குக் குங்கெல்வ் என்னும் சிற்றூரில் நண்பர் ஒருவரின் வீட்டுக்கு மைட்னர் சென்றிருந்தார். கோபன்ஹேகனில் நீல்ஸ் போரிடம் பணியாற்றிய அவருடைய தமக்கை மகன் ஓட்டோ ஃபிரிஷும் அங்கே வந்தார். ஃபிரிஷின் தந்தை அப்போது நாஜிகளின் வதைமுகாமில் இருந்தார். ஃபிரிஷ் பனிச்சறுக்குக் கட்டைகளில் செல்ல, சிற்றன்னை நடந்தே ஈடுகொடுத்தார். பின்னர் இருவரும் ஓர் அடிமரத்தில் அமர்ந்து, கையிலிருந்த துண்டுத்தாளில் கணக்கிடத் தொடங்கினர். நீல்ஸ் போர் வற்புறுத்திவந்த கருத்தின்படி அணுக்கரு ஒரு நீர்த்துளியை ஒத்தது. நீர்த்துளியைப் பரப்பு இழுவிசை உருண்டையாகப் பிடித்துவைப்பதுபோல் கருவையும் ஒரு விசை பிடித்துவைக்கிறது. ஆனால் உள்ளேயுள்ள புரோட்டான்கள் ஒன்றையொன்று விலக்குகின்றன. யுரேனியத்தின் 92 புரோட்டான்களின் விலக்கம் அந்தப் பிடியை ஏறக்குறைய இல்லாமலே ஆக்கிவிடுகிறது என்று கணக்குக் காட்டியது. அத்தகைய தளர்ந்த துளியில் ஒரு நியூட்ரான் புகுந்தால், துளி அசைந்து நீண்டு, நடுவில் இடை சிறுத்து, இரண்டாகப் பிரிந்துவிடும். பிரிந்த துளிகள் ஒன்றையொன்று விலக்கித் தெறிக்கும் ஆற்றல் ஏறத்தாழ 20 கோடி எலக்ட்ரான்வோல்ட். அவ்வளவு ஆற்றல் எங்கிருந்து வரும்? கருக்களின் நிறைகளைக் கணக்கிடும் முறையை மைட்னர் மனப்பாடமாக அறிந்திருந்தார். இரண்டு துண்டுகளின் நிறையும் சேர்ந்து மூலக் கருவின் நிறையைவிட ஒரு புரோட்டானில் ஐந்தில் ஒரு பங்கு குறையும் என்று கண்டார். 1909இல் சால்ஸ்பர்கில் ஐன்ஸ்டைனின் உரையில் தாம் கேட்ட, நிறையும் ஆற்றலும் ஒன்றே என்ற சமன்பாட்டில் அதை இட்டபோது, அதே 20 கோடி வந்தது. ஒரு கரி அணு எரியும்போது வெளிப்படுவது சில எலக்ட்ரான்வோல்ட் மட்டுமே என்பதை நினைத்தால் இத்தொகையின் பெருமை விளங்கும். பேரியத்தின் துணைத் துண்டு 36ஆம் தனிமமான கிரிப்டான் என்பதும் 92இலிருந்து 56ஐக் கழித்ததில் தெளிவாயிற்று.

ஹான், ஸ்ட்ராஸ்மன் கட்டுரை 1939 ஜனவரி 6ஆம் நாள் ஜெர்மன் இதழில் வெளிவந்தது. மைட்னரும் ஃபிரிஷும் எழுதியது பிப்ரவரி 11ஆம் நாள் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தது. உயிரணு இரண்டாகப் பிரிவதற்கு உயிரியலார் வழங்கிய சொல்லை ஃபிரிஷ் இரவல் வாங்கி இந்நிகழ்வுக்கும் இட்டார். ஜெர்மனியில் வெளியாகும் கட்டுரையில் நாடுகடந்த யூதரின் பெயர் இடம்பெறவே முடியாத நிலையில், ஒரே குழுவின் ஒரே ஆய்வு இரண்டு நாடுகளில், இரண்டு துறைகளின் பெயரால், ஐந்து வார இடைவெளியில் வெளிவந்தது. பாகப்பிரிவினை நிகழ்ந்த இடம் இதுவே. பின்னாளில் ஹான், பிளவு வேதியியலுக்கே உரிய கண்டுபிடிப்பு என்றும், இயற்பியல் அதற்குத் தடையாகவே இருந்தது என்றும் சொல்லலானார். பேரியத்தை ஐயமற நிறுவிய வேதித்திறன் ஹானுக்கும் ஸ்ட்ராஸ்மனுக்கும் உரியது. அதை எவரும் குறைக்க இயலாது. ஆனால் குழுவின் அறிவுத் தலைமை மைட்னரிடமே இருந்தது என்று எழுதியவர் ஸ்ட்ராஸ்மனேயாவார். உள்ளிருந்து கண்ட மூன்றாமவரின் சொல் என்பதால் அதற்குத் தனி எடை உண்டு.

1944ஆம் ஆண்டுக்குரிய வேதியியல் நோபல் பரிசு 1945 நவம்பரில் ஹான் ஒருவருக்கே அறிவிக்கப்பட்டது. மைட்னர் தம் வாழ்நாளில் நாற்பதுக்கும் மேற்பட்ட முறை இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் முன்மொழியப்பட்டும் அப்பரிசைப் பெறவில்லை. முனிச்சிலுள்ள ஜெர்மன் அருங்காட்சியகத்தில் ஒரு மரமேசை இருக்கிறது. அதன்மீது நியூட்ரான் மூலத்தை வைக்கும் பாரஃபின் கட்டி, வடிகட்டும் குடுவை, கதிர்களை எண்ணும் கைகர் எண்ணிகள், மின்கலங்கள் ஆகியவை நெருக்கமாக வைக்கப்பட்டுள்ளன. மூன்று அறைகளில் பரவியிருந்தவை அவை. அவற்றுள் அளவீட்டுக் கருவிகள் மைட்னரின் இயற்பியல் பிரிவுக்கு உரியவை. அம்மேசை பல பத்தாண்டுகள் ஓட்டோ ஹானின் ஆய்வுமேசை என்ற பெயரிலேயே காட்சிக்கு இருந்தது. ஏனைய இருவரின் பெயர்கள் வெகுகாலம் கழித்தே சேர்க்கப்பட்டன.

போர்க்காலத்தில் நேசநாடுகளின் அணுகுண்டுத் திட்டத்துக்கு வந்த அழைப்பை மைட்னர் மறுத்தார். குண்டோடு தமக்கு எத்தொடர்பும் வேண்டாம் என்பதில் உறுதியாக இருந்தார். அந்த உறுதியைவிட அரியது, அவர் தம்மைத் தாமே விசாரித்துக்கொண்ட முறை. 1933இலேயே ஜெர்மனியைவிட்டு வெளியேறாதது அறிவீனம் மட்டுமன்று, பெருந்தவறும்கூட என்று பின்னர் எழுதினார். 1945 ஜூனில் ஹானுக்கு எழுதிய மடலில், நீங்கள் அனைவரும் நாஜி ஜெர்மனிக்காக உழைத்தீர்கள், எதிர்ப்பைச் செயலில் காட்ட முயலவே இல்லை என்ற பொருள்பட நேரடியாகக் கேட்டார். இவ்வளவுக்குப் பின்னரும் இருவரின் நட்பு முறியவில்லை.

ஸ்டாக்ஹோமின் அரசத் தொழில்நுட்பக் கல்லூரியில் 1947 முதல் பணியாற்றிய அவர், 1960இல் ஃபிரிஷின் அருகில் இருப்பதற்காகக் கேம்பிரிட்ஜ் சென்று, 1968 அக்டோபரில் மறைந்தார். அதற்கு இரண்டாண்டு முன்னர், 1966இல், அமெரிக்க அணுசக்தி ஆணையம் தன் என்ரிகோ ஃபெர்மி விருதை ஹான், மைட்னர், ஸ்ட்ராஸ்மன் ஆகிய மூவருக்கும் ஒருசேர வழங்கியது. விழாவுக்குப் பயணம் செய்ய இயலாத அளவுக்கு மைட்னர் தளர்ந்திருந்தமையால், ஆணையத் தலைவர் கிளென் சீபோர்க் விருதைக் கேம்பிரிட்ஜுக்கே கொண்டுவந்து, மாக்ஸ் பெருட்ஸின் இல்லத்தில் எண்பத்தேழு வயது மூதாட்டியின் கையில் கொடுத்தார். 1938 ஜூலையில் எல்லையில் பிரிந்த மூன்று பெயர்களும் அவ்விருதில் ஒருங்கே இருந்தன.